கிச்சாப்பைப் பட்டினி போட்டவர்கள்

பண்டமாரான், கிள்ளான், மலேசியா
திங்கட்கிழமை, புரட்டாசி கடைசி வாரம்

அன்புள்ள யுகேந்திரனுக்கு,

இங்கே உன் அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. லீட்ஸில் குளிர் தொடங்கிவிட்டது என்று அப்பா சொன்னார், நீ சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நம் பூனை கிச்சாப் உயிரோடு இருக்கிறான். பிழைப்பானா என்று எனக்கு இன்னும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ அதைத் தேடிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய், நடுவில் இருப்பதைப் படிக்க மாட்டாய். நடுவில் இருப்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று நீ வீடியோ கோலில் கத்தியபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான். கிச்சாப்பைப் பட்டினி போட்டது நான் இல்லை. நீ கத்தியது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "அது எங்கம்மா வளத்த பூன. அதக்கூட உங்களால பாத்துக்க முடியல. சீக்குல கெடக்கறத விட்டுட்டு ஈப்போவுக்கு என்ன டூர் வேண்டிக்கெடக்கு ஆன்டி?" என்றாய். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னை ஆன்டி என்றுதான் கூப்பிட்டாய், அதில் எனக்கு வருத்தம் இல்லை, உனக்கும் எனக்கும் பன்னிரண்டு வயதுதான் வித்தியாசம். பிறகு ஒருநாள் நீயாகவே சின்னம்மா என்றாய். நான் கேட்கவில்லை, யாரும் சொல்லித் தரவில்லை. அதை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் என்று உன்னிடம் சொன்னதும் இல்லை. அன்று ஒரே வாக்கியத்தில் மறுபடியும் ஆன்டி ஆனேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் உன் அப்பா. சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் உன் சீதாலெட்சுமி அத்தை. நடந்தது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அது என் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. நான் சொன்னால் அத்தைமேல் பழி போடுகிறேன் என்பாய், அப்பா வாயால் வந்தால்தான் நம்புவாய் என்று காத்திருந்தேன். அவரும் அன்று இரவே, "ஞாயித்துக்கெழம அவன் கூப்புடறப்ப நானே சொல்லிடுறேன் தாமர, நீ கம்முனு இரு," என்றார். ஞாயிறு வந்தது, நீங்கள் இருவரும் பேட்மிண்டன் ஆட்டத்தைப் பற்றிப் பேசினீர்கள். அடுத்த ஞாயிறு உன் வீட்டு ஹீட்டரைப் பற்றிப் பேசினீர்கள். நேற்று அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். திரும்பி வந்ததும் சொல்லியாயிற்றா என்று கேட்டேன், லைன் சரியில்லை என்றார். அதனால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதியில் பஸ் ஏறிவிடுவாய். ஏன் பஸ் என்கிறேன் என்று போகப் போகத் தெரியும். பக்கத்து வீட்டு நடாலி வெள்ளிக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறாள், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே கிச்சாப்புக்கு உடம்பு கெட்டுவிட்டது. வாந்தி எடுத்தான், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து உதட்டை நக்கிவிட்டுத் திரும்பி வந்தான். குளியலறையில் வாளிக்குப் பின்னால், ஈரத் தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு குறுகிக் கிடந்தான். வலிக்கிறது என்று பூனை கத்தாது யுகா, ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான். அதைக்கூட நான் ஒரு புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் காலேஜுக்குப் பின்னால் ஒரு மிருக கிளினிக் இருக்கிறது, டாக்டர் ஆட்ரி என்று ஒரு பெண். கூடையில் வைத்துக் கொமியூட்டர் ரயிலில் அவனைக் கொண்டுபோனேன், ரயிலில் ஒரு மலாய்க்கார அம்மாள் தன் இடத்தைக் கொடுத்து உட்காரச் சொன்னார். ரத்தம் எடுத்து, வயிற்றை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுக் கணையம் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். வாந்திக்கு ஒரு மாத்திரை, வலிக்குக் கன்னத்துக்குள் விடும் ஒரு மருந்து, பசி எடுப்பதற்குக் காதின் உள்பக்கம் தடவும் ஒரு களிம்பு, தோலுக்கு அடியில் ஏற்றத் தண்ணீர்ப் பை, எல்லாம் கொடுத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார். கதவு வரைக்கும் வந்து மறுபடியும் ஒன்று சொன்னார். "இங்க பாருங்க தாமரை, மனுசன் வேற, பூன வேற லா. பூன மட்டும் பட்டினி கெடக்கவே கூடாது. ரெண்டு மூணு நாள் சாப்புடலன்னா ஒடம்புல உள்ள கொழுப்பெல்லாம் லிவருல போயி ஒக்காந்துக்கும். அப்பறம் கணையத்த விட்டுட்டு லிவருக்கு அழணும்." வீட்டுக்கு வந்து இதை அப்படியே உன் அப்பாவிடம் சொன்னேன். "சரி சரி" என்றார். அவர் சரி என்றால் கேட்டுக்கொண்டார் என்று நம்பியிருந்த காலம் அது.

உன் அறையில் பேட்மிண்டன் ராக்கெட் மாட்டியிருக்கும் ஆணியில்தான் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டேன். ராக்கெட்டைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருக்கிறேன், தேடாதே. முதல் முறை ஊசியைச் சரியாகக் குத்த எனக்கு மூன்று தடவை வேண்டியிருந்தது, அவன் அசையவில்லை. கோழி நெஞ்சை உப்பில்லாமல் வேகவைத்து, நசுக்கி, விரல் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தால் நக்கினான். முதலில் ஒரு கரண்டி, பிறகு இரண்டு, பிறகு தானாகவே தட்டுக்கு வந்தான். ஒரு வாரத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு உன் கட்டில்மேல் ஏறினான். தேறிவிட்டான் என்றே நினைத்தோம். அந்த நேரம் பார்த்துப் புரட்டாசி பிறந்தது, வழக்கம்போல் பூச்சோங்கிலிருந்து உன் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினார். அவர் வந்தால் மாதம் முழுக்க வீட்டில் கவிச்சி கிடையாது, உனக்குத் தெரியும். நான் எதிர்த்துப் பேசவில்லை. கார் நிற்கும் இடத்தில் மின் அடுப்பை வைத்து, தனிச் சட்டியில், அங்கேயே வேகவைத்து, அங்கேயே கழுவினேன். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு வேகவைத்தேன். அப்படியும் அத்தை வாசலில் நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டு உன் அப்பாவிடம், "பெருமாள் மாசத்துல ஒம் பொண்டாட்டி வாசல்ல பூனைக்கு ஓட்டல் போட்டுருக்கா தம்பி, நாளைக்கு போர்டு மாட்டிருவா பாரு," என்றார். அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

காலேஜில் இருந்து என்னை ஈப்போவுக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீ சொன்ன டூர் அதுதான். நூலகத்தின் புதிய கணினி முறையைக் கற்றுக்கொள்ளும் பயிற்சி அது, நாள் முழுக்க ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். போவதற்கு முன் மருந்து எப்படி, சாப்பாடு எப்படி என்று அப்பாவுக்குச் செய்தே காட்டினேன். கோழியை வேகவைத்துச் சிறு டப்பாக்களில் போட்டு, யார் சாப்பாட்டிலும் படாதபடி ஐஸ் பெட்டியில் தனியாக வைத்தேன். "கவலப்படாத, போய்ட்டு வா, நா இருக்கேன்ல," என்றார். நான் பஸ் ஏறிய அன்று மாலையே அத்தை பேச்சை ஆரம்பித்திருக்கிறார். பக்கிரிசாமி மாமாவுக்குக் குடியால் கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். அவருக்கு வாய் வழியாகப் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் டிரிப்பிலேயே வைத்திருந்தார்கள், பிழைத்து எழுந்து வந்தார். "நா கண்ணால பாத்தவ. கணையத்துக்குப் பட்டினிதான் மருந்து. சாப்பாடு வைக்க வைக்கத்தான் அது வீங்கும். பூனைக்கு மட்டும் என்ன தங்கத்துலயா கணையம் வெச்சிருக்கான்?" என்று அத்தை சொல்லியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மாமா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பட்ட பாடு பெரிது. ஆனால் தட்டை எடுத்துவிட்டால் வாசலில் கவிச்சி நாற்றமும் இருக்காது என்பது அவருக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதையும் நான் மறக்கத் தயாராக இல்லை.

அப்பா தயங்கினாராம். தயங்கி என்ன செய்தார் தெரியுமா? எனக்குப் போன் செய்யவில்லை. டாக்டருக்குச் செய்யவில்லை, அந்த நம்பர் ஐஸ் பெட்டிக் கதவிலேயே ஒட்டியிருந்தது. உனக்குச் செய்தார். உனக்கு நினைவிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அன்று நீ பஸ் நிறுத்தத்தில் இருந்தாய். அத்தை இப்படிச் சொல்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். நீ, "ஆமா பா, வயித்துக்கு ரெஸ்ட் குடுக்கறது நல்லதுதான, மாமாவுக்கும் அப்படித்தான செஞ்சாங்க. சரி பா, பஸ் வந்துருச்சி, வைக்கிறேன்," என்றிருக்கிறாய். அவ்வளவுதான். ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு பஸ்ஸில் காலை வைத்தபடி நீ சொன்ன அந்த ஒரு வரி, இங்கே நான் டாக்டரிடம் கேட்டு, படித்து, குடை பிடித்து ஆக்கிப்போட்ட எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் போயிற்று. கோழி டப்பாக்களைத் தெருநாய்க்குக் கொட்டினார்கள். கிச்சாப்புக்குத் தண்ணீர் மட்டும், நெற்றியில் அத்தை வைத்த திருநீறு. நான் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்டேன். "சாப்ட்டான் சாப்ட்டான், தூங்குறான்," என்றார் உன் அப்பா. ஒவ்வொரு நாளும். நான் போய்வந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். பட்டினி போட்டதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன் போலிருக்கிறது. அந்த "சாப்ட்டான் சாப்ட்டான்" என்னால் முடியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் அவன் காதைப் பார்த்தேன். கறுப்புப் பூனைக்குக் காதின் உள்பக்கம் மட்டும்தான் தோல் தெரியும். அது மஞ்சளாக இருந்தது, வெற்றிலைப் பழுப்பு மாதிரி. ஈறும் மஞ்சள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு அப்படியே பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் காரில் போனோம். டாக்டர் ஆட்ரி, "கடைசியா எப்ப சாப்ட்டான்?" என்று கேட்டார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், நேற்று ராத்திரிகூடச் சாப்பிட்டான் டாக்டர் என்றேன். அவர் கிச்சாப்பின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இல்லயே தாமரை. இது நேத்து சாப்ட்ட பூன இல்லயே," என்றார். நான் அப்பா பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாங்கதான் டாக்டர்... வயித்துக்கு ரெஸ்ட்டுன்னு... நிறுத்தி வெச்சோம்," என்றார். யுகா, அந்த அறையில் எனக்கு வந்த கோபத்தை நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கத்தினால் பூனை பயப்படும் என்று கத்தவில்லை. டாக்டரும் அவரைத் திட்டவில்லை. கையைக் கழுவிக்கொண்டே, "அங்கிள், அந்த மருந்து மனுசனுக்கு. இவரு பூன," என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வழிதான் என்றார் டாக்டர். கழுத்தில் குழாய் வைத்து, வாரக்கணக்கில் வீட்டிலேயே அதன் வழியாகச் சாப்பாடு கொடுப்பது ஒன்று, அப்படியும் உறுதி இல்லை. இன்னொன்று ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடுவது. அதைக் கேட்கத்தான் அன்று வீட்டுக்கு வந்து உன்னைக் கூப்பிட்டோம். நீ கத்தி முடித்துவிட்டு, "போதும், இனிமே அத சித்திரவத பண்ணாதீங்க, ஊசி போட்டுருங்க," என்றாய். அப்பா சரி என்றார். அவர் வழக்கமாகச் சொல்லும் அதே சரி. மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பிய பிறகு நான் லீவு போட்டு அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய் வைத்துக் கூட்டி வந்தேன். உன் பேச்சை நான் மீறினேன், ஆமாம். உன் அம்மா பாசார் மீன்கடைக்கு அடியில் இருந்து பொறுக்கி எடுத்து, சமையலுக்கு ஊற்றும் சோயா கிச்சாப் மாதிரி கறுப்பு என்று பேர் வைத்த பூனை அவன். அவர் போனபிறகு யாரும் சாப்பிடாத வீட்டில் அவன் ஒருவன்தான் வேளைக்குப் பசித்துக் கத்திக்கொண்டிருந்தான் என்று நீயே என்னிடம் சொன்னாய். அவனைப் பட்டினி போட்டுவிட்டு ஊசியில் முடித்துவிட நான் எப்படிச் சம்மதிப்பேன், அதுவும் பழியை என் தலையில் வைத்து? பூச்சோங் முழுக்க இப்போது பேச்சு, சீக்குப் பூனையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவள் நான்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கழுத்தில் குழாய், அதைச் சுற்றி நடாலியின் தம்பி மகனுடைய காலுறையை வெட்டிக் கட்டியிருக்கிறேன். டின் சாப்பாட்டைச் சுடுதண்ணீரில் கூழாகக் கரைத்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சியில் எடுத்து, மெதுவாக, மிக மெதுவாக உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டால் வாந்தி எடுப்பான். முடிந்ததும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். காலேஜுக்குப் போகும் முன், வந்த பின், படுக்கும் முன் நான் செய்கிறேன். மத்தியானம் மட்டும் அப்பா துறைமுகத்தில் இருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்து செய்துவிட்டுப் போகிறார். ஒருநாளும் தவறவில்லை, அதையும் எழுதிவிட வேண்டும். முதல் தடவை கூழைச் சட்டையெல்லாம் கொட்டிக்கொண்டு நின்றார். அத்தை எட்டிப் பார்த்து, "பெத்த புள்ளைக்கு ஒருநாளு பால் கரைச்சிருப்பியாடா நீ?" என்றார். இந்த மாதத்தில் அத்தை சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். மஞ்சள் குறைந்திருக்கிறது. ஆனால் தானாக இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தானாகச் சாப்பிடத் தொடங்கினால்தான் பிழைத்தான் என்று அர்த்தம் என்கிறார் டாக்டர்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை இனிப்புத் தடவிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீ தப்பான ஒன்றைச் சொன்னாய் என்பதற்காக இல்லை. தெரியாமல் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். டாக்டரிடம் கேட்டது யார், பார்த்துக்கொள்வது யார் என்று ஒரு கேள்வி, "சின்னம்மா என்ன சொன்னாங்க பா?" என்று ஒரே ஒரு கேள்வி நீ கேட்டிருந்தால் அப்பா எனக்குப் போன் செய்திருப்பார். அது உனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் நான் சமைத்தது செல்கிறது, துவைத்தது செல்கிறது, சொன்னது மட்டும் யாராவது ஒருவர் ஆமாம் என்று முத்திரை குத்தினால்தான் செல்கிறது. தூரத்தில் இருப்பவன் அக்கறையாக ஒன்று சொல்வது சுலபம், சொன்னதை மறந்துவிட்டுக் கத்துவது அதைவிடச் சுலபம். இனிமேல் நடக்கும்போது, பஸ் ஏறும்போது, எதைப் பற்றியும் அப்பாவுக்குச் சரி சொல்லாதே. அவர் உன் வாய்ச்சொல்லுக்கு ஏங்கிக் கிடக்கிற மனிதர், நீ போகிற போக்கில் போடுவதைப் பொறுக்கி வைத்துக்கொள்வார். நின்று, கேட்டு, பிறகு சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், அது ஒன்றும் அவமானம் இல்லை. அத்தையிடம் இதைப் பற்றிச் சண்டைக்குப் போகாதே, அது என் கணக்கு, புரட்டாசி முடியட்டும் என்று இருக்கிறேன்.

தீபாவளிக்கு வரமாட்டேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு உண்மையான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு வராமல் இரு, இல்லாத குற்றத்துக்காக வராமல் இருக்காதே. நடாலியிடம் உன் நீலக் கம்பளிச் சட்டையையும் கொடுத்தனுப்புகிறேன், தனியாகக் கையால் துவை, மெஷினில் போடாதே. ராத்திரியில் மெகி நூடல்ஸ் மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே, உன் குடும்பத்தில் வயிறு யாருக்கும் உறுதியானது இல்லை. நீ எங்கிருந்தாலும் நல்ல மனிதர்கள் பக்கத்தில், நல்ல உடம்போடு, நீண்ட காலம் இருக்க வேண்டும் என்று கோபத்தோடுதான் வேண்டிக்கொள்கிறேன், கோபத்தோடு வேண்டினாலும் கடவுளுக்குக் கேட்கும் என்று நினைக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று. இதைப் படித்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, நடந்ததை அவர் வாயால் சொல்லச் சொல். எனக்குப் போன் செய்ய வேண்டாம், முதலில் அவரிடம் கேள்.

ஆசிகளுடன்,
நீ எப்படிக் கூப்பிட்டாலும் உன் சின்னம்மாதான்,
தாமரை

வியாழக்கிழமை. உறையை ஒட்டும் முன் இதையும் எழுதுகிறேன். கிச்சாப் இன்று காலை தட்டில் இருந்து தானாக இரண்டு வாய் சாப்பிட்டான், வாந்தி எடுக்கவில்லை. உன் அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார். உனக்கு இன்னும் போன் செய்யவில்லை.